புதுப் பாஸ்போர்ட், பழைய விரல்

"அண்ணே, பழைய பாஸ்போர்ட்டு முடிஞ்சிருச்சு. புதுசு எடுத்துட்டேன், அதுல ஒரு சீலும் இல்ல. இப்ப வரலாம்ல?"

மலேசியாவின் பத்து காஜா நகரில் சொந்தக்காரர் வீடோ பழைய முதலாளியின் கடையோ உள்ள தமிழ்நாட்டு இளைஞர்கள் போன் போட்டுக் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் முன்பே ஒருமுறை இங்கு வந்து போனவர். சுற்றுலாப் பயணியாக இறங்கி, 'பெர்மிட் போட்டுத் தருகிறேன்' என்ற ஏஜெண்டின் பேச்சை நம்பி, முடிவெட்டும் கடையிலோ சாப்பாட்டுக் கடையிலோ கோயில் திருப்பணியிலோ வேலை பார்த்திருப்பார். பெர்மிட் வந்திருக்காது. தங்குவதற்கான பாஸ் முடியும் தேதி தாண்டிப் பல மாதம் ஒளிந்து மறைந்து இருந்துவிட்டு, கடைசியில் அபராதம் கட்டி ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். அந்தக் கதை பழைய பாஸ்போர்ட்டோடு முடிந்துவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை.

முடியவில்லை. கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி புதுப் பாஸ்போர்ட்டைப் புரட்டுவதோடு நிறுத்துவதில்லை. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கண்ணாடியில் வைக்கச் சொல்கிறார். அந்த விரல்களுக்குப் புது நகல் எடுக்க எந்த அலுவலகமும் கிடையாது. அவை பழையவை; எவ்வளவு பழையவை என்றால், அவற்றின் உரிமையாளர் பிறப்பதற்கு நான்கைந்து மாதம் முன்பே உருவாகி முடிந்தவை.

கருவுக்கு ஆறேழு வாரம் ஆகும்போது ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு சின்ன மேடு எழுகிறது. பத்தாவது வாரத்தை ஒட்டி மேடு வளர்வது நிற்கிறது. விரல் மட்டும் வளர்ந்துகொண்டே போக, மேடு மெல்ல அதற்குள் அமிழ்கிறது. ஏறத்தாழ பதின்மூன்றாவது வாரத்தில் அந்த மேட்டின் மேல் வரிகள் ஓடத் தொடங்குகின்றன. மேடு உயரமாக இருக்கும்போதே வரிகள் ஓடினால் சுழி விழும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வளையம் விழும். ஏறக்குறைய தட்டையாகிவிட்ட பிறகு ஓடினால் வில் போன்ற வரிகளே மிஞ்சும். மனிதரில் மிகுதி வளையம்தான்; நூற்றுக்கு அறுபதுக்கு மேல். சுழி முப்பதை ஒட்டி. வில் ஐந்தைத் தாண்டுவது அரிது.

மேட்டின் வடிவம் பெரிய உருவத்தைத் தீர்மானிக்கிறது, சரி. ஒவ்வொரு வரியும் எங்கே பிளக்கிறது, எங்கே சட்டென்று நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது எது? எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டெனிஸ் ஹெடன் குழுவினர் 2023-இல் இதற்கு விடை சொன்னார்கள். கணினியின் தந்தை என்று நாம் அறிந்த ஆலன் டியூரிங் 1952-இல் உயிரியல் கட்டுரை ஒன்று எழுதினார். வளர்ச்சியைத் தூண்டும் ஒரு வேதிப்பொருளும் அதைத் தடுக்கும் இன்னொன்றும் வெவ்வேறு வேகத்தில் பரவினால், வெறுமையான பரப்பில் தானாகவே கோடுகளும் புள்ளிகளும் தோன்றும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். வரிக்குதிரையின் பட்டைகளைப் பற்றிப் பேசும்போது அந்தக் கணக்கை நினைவுகூர்வார்கள். நம் விரல் நுனியிலும் அதே கணக்குதான் ஓடுகிறது என்று எடின்பரோ குழு காட்டியது. வரியை எழுப்பும் மரபணுச் சைகைகள் இரண்டு, அடக்கும் சைகை ஒன்று. வரிகள் மூன்று இடங்களிலிருந்து அலையாகக் கிளம்புகின்றன: மேட்டின் நடு, நகத்தின் அடி, முதல் மூட்டின் மடிப்பு. மூன்று அலைகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களில்தான் ரேகையின் முக்கோணச் சந்திகள் விழுகின்றன. எந்த அலை எந்த நேரத்தில் கிளம்பியது, எவ்வளவு வேகமாக வந்தது, அப்போது மேடு எவ்வளவு அமிழ்ந்திருந்தது என்பதில் துளி வேறுபாடு இருந்தாலும் சந்திப்பு இடம் மாறிவிடும். அதனால்தான் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கும் ரேகை ஒன்றாக இருப்பதில்லை. ஒருவருடைய பத்து விரல்களே ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

வரி மேல்தோலில் தெரிந்தாலும் அதன் வேர் கீழ்த்தோல் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. மேலே தேய்ந்தாலும் சில வாரங்களில் அதே வரி மறுபடி மேலே வந்துவிடும். அமெரிக்க வங்கிக் கொள்ளையன் ஜான் டிலிஞ்சர் ரேகையை அழிக்க அமிலத்தால் விரல்களைச் சுட்டுக்கொண்டான். 1934-இல் மத்தியப் புலனாய்வு அதிகாரிகள் அவனைச் சுட்டுக் கொன்றபின் உடலின் விரல்களிலிருந்தே அவன்தான் என்று உறுதிப்படுத்தினார்கள்.

இப்படி ஒவ்வொரு மனிதனும் மாறாத ஓர் அடையாளத்தைச் சுமந்து திரிகிறான் என்பது தெரிந்தால் மட்டும் ஓர் அரசாங்கத்துக்குப் பயன் இல்லை. லட்சம் ரேகைகள் அலமாரியில் கிடக்கும்போது, எதிரே நிற்பவருடையதை எப்படித் தேடிப் பிடிப்பது? அந்தச் சிக்கலை அவிழ்த்த இடம் கல்கத்தா. வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி 1858-இலேயே சாலைப் பணிக்கான ஒப்பந்தம் ஒன்றில் ராஜ்யதர் கொனாய் என்பவரின் முழுக் கைத்தடத்தைப் பதிந்து வாங்கியிருந்தார். நாற்பது ஆண்டு கழித்து, வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த இரண்டு இந்தியர்கள், அஜீஸுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும், ரேகைகளை அடுக்கி வைக்கும் வகைப்பாட்டை உருவாக்கினார்கள். பத்து விரல்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து ஜோடி ஆக்கினார்கள். முதல் ஜோடியில் சுழி இருந்தால் 16, அடுத்ததில் 8, பிறகு 4, 2, 1. சுழி இல்லாத விரலுக்குச் சுழியம். ஜோடியில் இரண்டாவதாக வரும் விரல்களின் கூட்டுத்தொகை மேலே, முதலாவதாக வருபவற்றின் கூட்டுத்தொகை கீழே, இரண்டோடும் ஒன்று சேர். வலக்கைக் கட்டைவிரலிலும் வலக்கை மோதிரவிரலிலும் மட்டும் சுழி உள்ளவர் 9-க்குக் கீழே 17 என்ற அறைக்குப் போவார். ஒரு விரலிலும் சுழி இல்லாதவர் 1-க்குக் கீழே 1. மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு; மொத்தம் 1,024 அறைகள். லட்சம் தாள் இருந்தாலும் தேட வேண்டியது அந்த ஓர் அறையின் தாள்களை மட்டுமே. சாமானியக் கூட்டல்தான், ஆனாலும் அதில் உள்ள அறிவு என்னை இன்னும் வியக்க வைக்கிறது. 1897-இல் கல்கத்தாவில் ரேகைக் கூடம் திறந்தது. நான்கு ஆண்டில் லண்டன் ஸ்காட்லாந்து யார்டு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. உலகம் அதை 'ஹென்றி முறை' என்றே அழைத்தது. ஹக்கின் பெயரும் போஸின் பெயரும் வெளியே வர வெகுகாலம் பிடித்தது.

பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வரும் குற்றவாளியைப் பிடிக்கத்தான் அந்த அறைகள் கட்டப்பட்டன. ஆனால் வெகு சீக்கிரத்திலேயே அரசுகளின் பார்வை மறுபடி வரும் பயணியின் மேல் விழுந்தது. முதலில் அடிபட்டவர்களில் தமிழர்கள் இருந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் போயர் போர் முடிந்தபின், போருக்கு முன் அங்கே வாழ்ந்த இந்தியர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். யார் உண்மையில் திரும்புகிறவர், யார் புதிதாக நுழைகிறவர் என்று பிரிக்க 1907-இல் ஆசியர் பதிவுச் சட்டம் வந்தது. இந்தியர்களும் சீனர்களும் பத்து விரல் ரேகை கொடுத்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ரேகை முறையைக் கொண்டுவந்த அதே ஹென்றி 1900-இல் ஜோகன்னஸ்பர்க் போய்ப் போலீஸ் அமைப்பை ஒழுங்குபடுத்திவிட்டு வந்திருந்தார். காந்தியின் சத்தியாகிரகம் பிறந்ததே இந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான். 1908 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டு, தாமாகவே பதிந்துகொள்ளலாம் என்று காந்தி புறப்பட்டபோது, பத்து விரல் ரேகை கொடுப்பதா என்று கொதித்தவர்கள் அவரை நடுத்தெருவில் அடித்து வீழ்த்தினார்கள். குறுக்கே விழுந்து தானும் அடிபட்டவர் மொரீஷியஸில் பிறந்த தமிழர் தம்பி நாயுடு. அரசு வாக்கு மீறியதாகக் கண்டதும் அதே ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி முன்பு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் ஒரே கொப்பரையில் எரிந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. போராடியவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சென்னையில் இறங்கியவர்களுக்குப் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் உணவும் தங்குமிடமும் பார்த்துக்கொண்டார். பலர் மறுபடி கப்பலேறித் திரும்பினார்கள். அது அவர்கள் வாழ்ந்த நாடு. அப்படித் திரும்பிய நாராயணசாமி என்பவரைத் துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்க விடாமல் அலைக்கழித்தார்கள். 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில், இன்றைய மபுட்டோ நகரின் கரையில், அவர் உயிர் பிரிந்தது. நாடு திரும்புவது என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

மலாயாவின் கதை வேறு தாளத்தில் ஓடியது. கிந்தா பள்ளத்தாக்கின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேற விரல் தேவைப்படவில்லை. கங்காணியின் சொல் போதும். ஊருக்குப் போய்விட்டு மறு கப்பலில் திரும்புவார்கள். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. 1953-இல் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் வாசலை இறுக்கியது. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றானதும், பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் மூட்டை கட்டினார்கள். பேராக் தோட்டங்களில் அப்படி வெறுமையான லயங்களைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்துக் குடிநுழைவு அலுவலகத்தின் நினைவு காகிதத்தில் இருந்தது. காகிதம் தொலையும், நனையும், பெயரின் எழுத்து மாறும். 'முத்துசாமி' ஒரு பேரேட்டில் ஒரு விதமாகவும் மறு பேரேட்டில் வேறு விதமாகவும் இருந்தால் இரண்டும் ஒருவரே என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. மலேசியா அந்தக் காகிதத்திலிருந்து உலகிலேயே முதலில் வெளியேறிய நாடு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1998-இல் சில்லு பதித்த பயோமெட்ரிக் பாஸ்போர்ட்டை உலகில் முதன்முதலாக வெளியிட்டது மலேசியா. 2001-இல் கட்டைவிரல் ரேகையைத் தாங்கிய மைகார்டு வந்தது. இரண்டும் சொந்தக் குடிமக்களுக்கு. வெளிநாட்டவரின் முறை 2011-இல் வந்தது. அந்த ஜூன் முதல் நாட்டுக்குள் நுழைபவர்களின் ஆள்காட்டி விரல் ரேகைகளைப் பதியத் தொடங்கினார்கள். அதே ஆண்டு '6பி' என்ற பொதுமன்னிப்புத் திட்டத்தில், ஆவணம் உள்ளவர் இல்லாதவர் என இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வரிசையில் நின்று ரேகை கொடுத்தார்கள்.

கண்ணாடியில் விரலை வைத்ததும் என்ன நடக்கிறது? கருவி அதன் படத்தை அப்படியே ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. வரி நிற்கும் இடங்களையும் இரண்டாகப் பிரியும் இடங்களையும் மட்டும் தேடிக் குறித்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் அது இருக்கும் இடம், வரி போகும் திசை என்று சில எண்கள். ஒரு விரலில் இப்படிச் சில பத்துப் புள்ளிகள் கிடைக்கும். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எதுவும் இல்லாத வெறும் எண் கோவை அது. அழுத்தி வைத்தால் தோல் விரியும், சாய்த்து வைத்தால் ஓரம் தெரியாது, வியர்வையில் மை அப்பியது போல் இருக்கும். ஆகவே இரண்டு பதிவுகள் முழுக்க ஒன்றாக இருக்கவே மாட்டா. எவ்வளவு புள்ளிகள் பொருந்தினால் 'இவரே அவர்' என்று கொள்வது என ஒரு வரம்பு வைக்கிறார்கள்.

இதில் இரண்டு வகைத் தேடல் உண்டு. 'நான்தான் இந்த முத்து' என்று ஒருவர் சொல்ல, முத்துவின் பழைய ரேகையோடு மட்டும் பொருத்திப் பார்ப்பது எளிது. 'இவர் யாராக இருக்கலாம்?' என்று கோடிப் பேரோடும் ஒப்பிடுவது கடினம். பத்து லட்சம் ஒப்பீட்டில் ஒன்று தவறும் கருவி மிக நல்ல கருவிதான். ஆனால் ஒரு கோடி பதிவுகளில் தேடினால் சம்பந்தமே இல்லாத பத்துப் பேரை அது காட்டிவிடும். அந்தத் தவறில் ஒரு மனிதரின் பயணம், வேலை, மானம் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதனால்தான் இரண்டு விரல். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால் தவறு லட்சம் கோடியில் ஒன்றாகக் குறைகிறது. நூறு கோடிக்கு மேல் மக்களைப் பதிந்த இந்தியாவின் ஆதாருக்கு அதுவும் போதாது என்று பத்து விரலையும் இரு கருவிழியையும் சேர்த்தார்கள்.

பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வருபவர் முதல் தேடலுக்குத் தயாராகி வருகிறார். அவரைப் பிடிப்பது இரண்டாவது தேடல்.

ஏமாற்ற முயன்றவர்கள் உண்டு. விசாக் காலம் கடந்து தங்கியதற்காக 2007-இல் ஜப்பானிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு சீனப் பெண், அங்கே மறுபடி போக வேண்டும் என்று அறுவைச் சிகிச்சைக்கே துணிந்தார். அதே ஆண்டு நவம்பரில்தான் ஜப்பான் வெளிநாட்டவரின் ரேகையைப் பதியத் தொடங்கியிருந்தது. விரல் நுனித் தோலை வெட்டி, வலக்கையுடையதை இடக்கையிலும் இடக்கையுடையதை வலக்கையிலும் ஒட்டிக்கொண்டார். கருவியை ஏமாற்றி உள்ளே போயும்விட்டார். 2009-இல் போலித் திருமண வழக்கு ஒன்றில் பிடிபட்டபோது, விரல் நுனிகளைச் சுற்றியிருந்த இயல்புக்கு மாறான தழும்புகள் போலீஸாரின் கண்ணில் பட்டன. தன் கையைத் தானே வெட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒருவரைத் தள்ளும் வறுமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் அந்தச் செலவும் வலியும் அவருக்கு வாங்கித் தந்தது கைவிலங்குதான்.

நம் ஆட்கள் அதிகம் போகும் ஐக்கிய அரபு அமீரகம் 2001-லேயே கண்ணைப் பிடித்துக்கொண்டது. நாடு கடத்தப்பட்டவர்கள் புதுப் பெயர், புதுப் பாஸ்போர்ட் எடுத்து வந்துகொண்டிருந்த காலம் அது. வெளியேற்றும்போது கருவிழியைப் படமெடுத்து வைத்து, உள்ளே வருபவர்களோடு ஒப்பிட்டார்கள். கேம்பிரிட்ஜின் ஜான் டாக்மன் வகுத்த கணக்கு கருவிழியின் இழைகளை 2,048 ஒன்று–சுழியங்களாக மாற்றிவிடும். லட்சக்கணக்கான கண்களை நொடிகளில் ஒப்பிட்டுவிடலாம். சிலர் கண்பாப்பாவை விரியச் செய்யும் சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டு வந்து நின்றார்கள்; பாப்பா விரிந்தால் இழைகள் நசுங்கிக் கணக்குப் பிசகும். அதிகாரிகள் சீக்கிரமே கண்டுகொண்டு, பாப்பா அளவுக்கு மீறி விரிந்திருந்தால் மருந்து இறங்கும்வரை ஆளைக் காத்திருக்க வைத்தார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபர் 12 முதல் முத்திரை குத்துவதைக் கைவிட்டு ரேகைக்கும் முகப்படத்துக்கும் மாறத் தொடங்கியுள்ளன. 180 நாளில் 90 நாள் என்ற கணக்கை இனி கணினியே போடும். முறையாக வெளியேறியவரின் பதிவு மூன்று ஆண்டு இருக்கும்; வெளியேறிய தடமே இல்லாதவருடையது ஐந்து ஆண்டு.

இவ்வளவு நுட்பமான கருவி தடுமாறும் விரல்களும் உண்டு. அவை பெரும்பாலும் உழைப்பவர்களுடையவை என்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் கெல்லி மாளிகை நிற்கிறது. ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் மதராஸிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்துக் கட்டியது. வேலை நடந்தபோது ஸ்பானிய விஷக்காய்ச்சல் பரவித் தொழிலாளர் பலர் மாண்டார்கள். அம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று மிஞ்சியவர்கள் கேட்டார்கள், கெல்லி கட்டிக் கொடுத்தார். மாளிகைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் அந்த மாரியம்மன் கோயிலின் கூரையில், தெய்வங்களுக்கு நடுவே வெள்ளைக்காரத் தோற்றத்தில் ஒரு சிலை நிற்பதை இன்றும் பார்க்கலாம். 1926-இல் லிஸ்பனில் கெல்லி இறந்தார், மாளிகை முடியவே இல்லை. கோயிலில் வழிபாடு நடக்கிறது.

அந்தச் சுதைச் சிலைகளைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அம்மனின் விரல் நுனியையும் கண்ணிமையையும் கடைசியாக வழித்துச் சீராக்கியது கரண்டி அல்ல, மனித விரல். சுண்ணாம்பும் சிமெண்டும் கடும் காரத்தன்மை கொண்டவை. தோலின் மேலடுக்கைக் கட்டிப் பிடித்திருக்கும் கெரட்டின் புரதத்தைக் கரைத்துவிடும். மணல் அதை அரமாகத் தேய்க்கும். இன்றும் பேராக் கோயில்களின் குடமுழுக்குத் திருப்பணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் சிற்பிகளின் வலக்கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வெளிச்சத்தில் பிடித்தால் வழவழப்பாக மின்னும். வரி இருந்த இடத்தில் மங்கலான நிழல்தான். பால்மரம் வெட்டிய தலைமுறையின் கைகளும் இப்படித்தான் இருந்தன: விடியுமுன் ஈரக் கத்தி, மங்கிலிருந்து வழித்தெடுத்த கட்டிப்பால், பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் குலை வெட்டுபவர்களின் உள்ளங்கை இன்னும் முரடு. வேர் பத்திரமாக இருக்கிறது, சில வாரம் ஓய்வு கிடைத்தால் வரி திரும்பும். ஓய்வு எடுக்கக் கூடியவர் யார்?

மருந்தும் இதைச் செய்யும். 2008 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா போன 62 வயதுப் புற்றுநோயாளி ஒருவரை நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். அவர் விரலில் ரேகையே இல்லை. கேப்சைட்டபைன் என்ற மாத்திரை உள்ளங்கையிலும் பாதத்திலும் தோலை உரியச் செய்யும். அதில் வரிகளும் போய்விட்டிருந்தன. அவருடைய மருத்துவர் அதை மருத்துவ இதழில் எழுதி, இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் பயணத்தின்போது மருத்துவர் கடிதம் வைத்திருக்க வேண்டும் என்று எச்சரித்தார். பிறவியிலேயே ரேகை இல்லாதவர்களும் உண்டு. 2007-இல் அமெரிக்கா போக முயன்ற சுவிட்சர்லாந்துப் பெண் ஒருவரின் குடும்பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி. சுவிஸ் தோல் மருத்துவர் பீட்டர் இட்டின் அதற்குக் 'குடிநுழைவுத் தாமத நோய்' என்றே பெயர் வைத்தார். காரணமான மரபணு ஸ்மார்கேட்1 என்று 2011-இல் தெரிந்தது. கருவி படிக்காத விரல் பொய் சொல்லும் விரல் ஆகாது. இதை ஒவ்வொரு முகப்பு அதிகாரிக்கும் பயிற்சியில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விரல் படியாதவரை ஓரமாக நிறுத்திச் சந்தேகத்தோடு குடைவது, அவர் இத்தனை ஆண்டு உழைத்ததற்கே தண்டனை கொடுப்பதாகும்.

இனி, போனில் கேட்ட தம்பிக்கு. மலேசியாவின் குடிநுழைவுச் சட்டம் 1959/63-இன் 15-ஆம் பிரிவு, பாஸ் முடிந்தபின் தங்குவதைக் குற்றம் என்கிறது. வழக்காகி உறுதியானால் குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அரசு அவ்வப்போது தாயகம் திரும்பும் திட்டங்களை அறிவித்து, வழக்கில்லாமல் போக வழி விட்டிருக்கிறது. 2019-இல் 700 வெள்ளி கட்டினார்கள். 2024 மார்ச் முதல் டிசம்பர் வரை நடந்த திட்டத்தில் காலம் கடந்து தங்கியவர்களுக்கு 500 வெள்ளி. அந்த வழியில் போனவர்களுக்கும் போகும்போது ரேகை பதிவாகிறது. மறுபடி வரத் தடையும் விழக்கூடும். பிடிபட்டு உத்தரவின் பேரில் வெளியேற்றப்பட்டவரின் நிலை இன்னும் கடினம். அவர் சட்டத்துக்குப் புறம்பாகத் திரும்பினால் 36-ஆம் பிரிவு பாயும். அதில் சிறையோடு ஆறு பிரம்படி வரை உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகள் காலக் கணக்கைச் சட்டத்திலேயே எழுதிவிட்டன: 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுப் போனால் மூன்று ஆண்டுத் தடை, ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் பத்து ஆண்டு.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் மலேசியா வரலாம். இந்தச் சலுகை பழைய ஓவர்ஸ்டே உள்ளவர்களுக்கு ஒரு கண்ணியாகிவிட்டது. முன்பு தூதரகத்தில் விசா கேட்கும்போதே மறுத்துவிடுவார்கள், பணம் மிஞ்சும். இப்போது யாரும் தடுக்காமல் டிக்கெட் எடுத்து, திருச்சியில் ஏறி, விரலைக் கண்ணாடியில் வைக்கும்போதுதான் பழைய பதிவு எழுந்து வரும். 'நாட் டு லேண்ட்' என்று எழுதி அடுத்த விமானத்தில் ஏற்றுவார்கள். கடன் வாங்கிய காசு ஒரே நாளில் போய்விடும். பெயரை மாற்றி வந்திருந்தால் பொய்த் தகவல் என்ற தனிக் குற்றமும் சேரும். வேலைக்கு வருவதானால் வேலைக்கான பெர்மிட்டோடுதான் வர வேண்டும். முடிதிருத்தம், நகைத் தொழில், ஜவுளி ஆகிய மூன்று துறைகளுக்கும் வெளிநாட்டு ஆள்களை மீண்டும் அனுமதிப்பதாக அரசு 2023-இல் அறிவித்தபோது மனிதவள அமைச்சராக இருந்தவர் பத்து காஜா நாடாளுமன்ற உறுப்பினர் சிவகுமார். கடைக்காரர்கள் பல காலம் முறையிட்டுப் பெற்ற அறிவிப்பு அது. கடைகளில் ஆள் பற்றாக்குறை உண்மை, ஊரில் வேலைப் பற்றாக்குறையும் உண்மை. நேர்வழி அடைபடும்போதெல்லாம் ஏஜெண்டுகளுக்குத்தான் அறுவடை.

ஆகவே, தம்பி, டிக்கெட் எடுக்குமுன் குடிநுழைவுத் துறையிடம் உன் பெயரில் தடை இருக்கிறதா என்று எழுதிக் கேள். இங்குள்ள உன் உறவுக்காரர் புத்ராஜெயாவில் நேரில் போயும் விசாரிக்கலாம். கடிதத்தில் பழைய பாஸ்போர்ட் எண்ணையும் புது எண்ணையும் சேர்த்தே எழுது. வந்த தேதி, போன தேதி, எத்தனை நாள் கூடுதலாக இருந்தாய், எந்தத் திட்டத்தில் எவ்வளவு கட்டிப் போனாய் என்பதை மறைக்காமல் சொல். அபராதம் கட்டிய ரசீது கையில் இருந்தால் அதன் நகலை இணை. காலாவதியான பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. அதில் உள்ள வெளியேறிய முத்திரைதான் நீ தானாகப் போனவன் என்பதற்குச் சாட்சி. தடை நீங்கியதாகப் பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும், பழையது புதியது இரண்டு பாஸ்போர்ட்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறு.